1965 லிங்கன் கொன்டினென்டல் கன்வேர்டிபிள், கொழும்பில் விற்பனைக்கு: வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

மரைன்டிரைவ்_மகன் (வெள்ளவத்தை)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு இந்த வருடம் 70. பத்து வயதில் கொள்ளுப்பிட்டியில் அப்பப்பாவின் கடை வாசலில் நின்று, காலி வீதியால் போகும் ஒரு தூதரகக் காரைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். நாலு கதவு, ஆனால் கூரை இல்லை, பின்கதவுகள் மற்றக் கார்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தோம்.

போன மாதம் அப்பாவின் நண்பர் ஒருவர், கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் அதே மாதிரிக் கார் விற்பனைக்கு நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். 1965 லிங்கன் கொன்டினென்டல் கன்வேர்டிபிள், வெள்ளை நிறம், உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. சொந்தக்காரர் காலமாகிவிட்டார், மகள்தான் விற்கிறார். அவருடைய அப்பா நாலு வருடம் எடுத்து முழுமையாக ரெஸ்டோர் செய்வித்தாராம். பெயின்ற்றில் முகம் தெரிகிறது. அப்பா பொனெற்றில் கையை வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார், நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

விலையை இங்கே எழுதவில்லை. ஊர்க் காணி விற்றதில் அவருடைய பங்கு முழுவதும் இதற்குப் போகும் என்று மட்டும் சொல்கிறேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கே நிறுத்துவது என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஜப்பான் கார்களைப் பற்றித் தெரியும், அமெரிக்கக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. ரெஸ்டோர் செய்தது உண்மையிலேயே நல்லாகச் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் காரில் முக்கியமாக எது கெட்டுப்போகும்? கொழும்பில் இதை வைத்து ஓட்ட முடியுமா? காட்சிக்கு நிறுத்தி வைக்க அப்பாவுக்கு விருப்பம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடல் வரைக்குமாவது போய்வர வேண்டும் என்கிறார்.


ஏ40_காரன் (தெஹிவளை)

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பெயின்ற்றைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள், அதை எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒஸ்ரின் ஏ40 சொமசெற். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் என் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டியவர், காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தக் காரை 2011-இல் கொழும்புக்குக் கொண்டுவந்து ரெஸ்டோர் செய்யக் கொடுத்தேன். எந்தக் கராஜ் என்று எழுத மாட்டேன். 14 மாதத்தில் கண்ணாடி மாதிரி மினுக்கித் தந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் கதவுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது, விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. கறள் பிடித்த தகரத்தை வெட்டி எடுக்காமல் அதற்கு மேலேயே பட்டி பூசி, உரஞ்சி, பெயின்ற் அடித்திருந்தார்கள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை, காசை நினைத்து இல்லை, அப்பா வைத்திருந்த கார் என்றுதான்.

என் காருக்குக் கீழே பாரம் தாங்கும் தனி இரும்புச் சட்டம் இருக்கிறது, அதனால் தப்பினேன். நீங்கள் பார்க்கும் லிங்கனுக்குத் தனிச் சட்டம் கிடையாது, பொடியே (காரின் தகர உடலே) முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கன்வேர்டிபிள் என்றபடியால் மேலே கூரையின் பலமும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதியும் தரையும் கறள் தின்றிருந்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும். ஆகவே போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சில்லு வளைவுகள், கதவின் அடி, டிக்கியின் தரை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள், பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. அப்புறம் நாலு கதவையும் மூடிவிட்டு இடைவெளியை வடிவாகப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும், அல்லது மறுவளமாக இருந்தால் உடனே கேள்வி கேளுங்கள். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கிய பிறகும் கதவுகள் அதே மாதிரித் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட, வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். நாலு வருடம் வேலை செய்வித்த மனிதர் படம் எடுக்காமல் இருந்திருக்க மாட்டார். வெட்டிய தகரமும் புதுத் தகரமும் தெரிகிற படம் இருந்தால் நான் அந்தக் காரை நம்புவேன். முடிந்த பிறகு எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நம்ப மாட்டேன்.

ஞாயிறு என்றால் நானும் வருகிறேன், தனிச் செய்தியில் எழுதுங்கள்.


பழைய_இரும்பு (ஸ்காபரோ, ரொறன்ரோ)

நான் கொட்டாஞ்சேனைப் பொடியன், இங்கே 22 வருடம் பழைய கார்கள் திருத்தும் கராஜில் வேலை செய்தேன். இந்த லிங்கன்களில் ஏழெட்டு என் கையால் போயிருக்கும். மனதுக்கு மிகவும் பிடித்த கார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இலக்கத்தைப் பாருங்கள். 1965 கன்வேர்டிபிள் என்றால் இலக்கம் 5, வை (Y), 86, என் (N) என்று தொடங்க வேண்டும். 5 என்பது வருடம், வை என்பது மிச்சிகனில் உள்ள விக்சம் தொழிற்சாலை, 86 என்பது நாலு கதவுக் கன்வேர்டிபிள், என் என்பது 430 கன அங்குல எஞ்சின். 86 இருக்கும் இடத்தில் 82 என்று இருந்தால் அது கூரை வெட்டிய செடான், அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் காரில் அடித்த இலக்கமும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கென்னடியின் கார் என்று யாராவது சொல்லி விலை ஏற்றினால் கேட்க வேண்டாம். அவருடையது 1961 மொடல், அதையும் சின்சினாட்டியில் ஒரு கம்பனி வெட்டி நீட்டி மாற்றியது. 1965-க்கு அதற்கே உரிய பெருமை இருக்கிறது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வந்த முதல் வருடம் அது. சில்லிடைத் தூரம் 1961-இல் 123 அங்குலமாக இருந்ததை 1964-இல் 126 ஆக்கினார்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கால் நீட்ட இடம் வந்தது. 1965-இல் செய்த கன்வேர்டிபிள்கள் 3,356 மட்டும்தான். 1967-உடன் இந்தக் கன்வேர்டிபிள் நின்றுவிட்டது, அந்த வருடம் 2,276.

வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1959 கடிலாக்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், பின்னால் செட்டை முளைத்த மாதிரி. அது வந்து இரண்டே வருடத்தில், எல்வூட் எங்கல் இப்படி ஒரு நேர்கோட்டுக் காரை வரைந்தார். லிங்கனும் ஃபோர்டு கம்பனியின் கார்தான். முதலில் அதே கம்பனியின் தண்டர்பேர்டு காருக்காகத்தான் வரைந்தது, அப்போது ஃபோர்டில் இருந்த ராபர்ட் மக்னமாரா களிமண் மாதிரியைப் பார்த்துவிட்டு இதை லிங்கன் ஆக்கலாம் என்றார். பக்கவாட்டில் ஒரு தேவையில்லாத கோடு கிடையாது. பின்னால் ஐந்து அடி தள்ளி நின்று தோள் கோட்டை மட்டும் பாருங்கள், பட்டி வைத்து ஒப்பேற்றிய காரில் அந்தக் கோடு அலை அடிக்கும்.

இனி ஹூட், அதாவது மடிக்கும் கூரை. இந்தக் காரின் உயிரும் அதுதான், செலவும் அதுதான். சுவிச்சை அழுத்தினால் டிக்கி மூடியின் பூட்டுகள் கழரும், மூடி பின்பக்கக் கீலில் நிமிரும், முன்கண்ணாடிச் சட்டத்தோடு ஹூட்டைப் பூட்டியிருக்கும் திருகுகளை ஒரு மோட்டார் கழற்றும், ஹூட் மடிந்து டிக்கிக்குள் போகும், மூடி இறங்கித் திரும்பப் பூட்டும். ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்று ஒரு இரும்புக் கூரைக் கார் செய்தது, அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படியும் முடிந்தது என்று ஒரு லிமிற் சுவிச் (பாகம் உரிய இடத்துக்கு வந்ததும் அழுந்தும் சுவிச்) சொன்னால்தான் அடுத்த படிக்கு மின்சாரம் விடும் றிலே வேலை செய்யும். ஒன்று பிழைத்தால் எல்லாம் நிற்கும். ஆகவே விற்பவர் ஒரு தடவை இறக்கிக் காட்டினால் போதாது. தொடர்ந்து ஐந்து தடவையாவது ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பின்கதவைத் திறக்கும்போது அதன் கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும், மூடினதும் ஏற வேண்டும், அதையும் பாருங்கள்.

பிறேக் ஒரே சேர்க்கிட், 1967-இல்தான் இரட்டையாக மாற்றினார்கள். ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிறேக் போய்விடும். முன் கலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஒன்றுக்கு நாலு பிஸ்ரன், ஈரப்பதன் கூடிய ஊரில் நிறுத்தியே வைத்திருந்தால் உள்ளே கறள் பிடித்து இறுகும். இதில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள். வைப்பர் மின்சாரத்தில் ஓடாது, பவர் ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். ஸ்டியரிங் எண்ணெய் குறைந்துகொண்டே போனால் வைப்பர் மோட்டாரடியிலும் பாருங்கள்.

எஞ்சின் பலமானது, ஆனால் ஒரு விசேஷம் உண்டு. சிலிண்டர் ஹெட்டின் அடி தட்டையாக இருக்கும், எரியும் அறை சிலிண்டரின் மேல்பகுதியிலேயே இருக்கிறது. அதனால் இதற்கு முன் இந்த எஞ்சினைக் கழற்றிப் பார்க்காத லேத் ஆளிடம் ஹெட்டைக் கொடுக்க வேண்டாம். அழுத்த விகிதம் 10-க்கு மேல், ஆகவே 95 ஒக்ரேன் மட்டும் அடியுங்கள். 92 அடித்தால் ஏற்றத்தில் தட்டும். பழைய எஞ்சின்களில் வால்வு வந்து உட்காரும் இடம் தேயாமல் காத்தது பெற்றோலில் இருந்த ஈயம்தான். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் நின்றுவிட்டது, எஞ்சினைத் திறந்து வேலை செய்தவர்கள் கடினமான வால்வு சீற் போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.


மின்கம்பி (கொட்டாஞ்சேனை)

ஸ்காபரோ அண்ணா ஹூட்டைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், நான் வாகன வயரிங் வேலை செய்கிறவள்.

இந்த மாதிரிப் பழைய றிலே சேர்க்கிட்டில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை றிலேயில் இல்லை, எர்த்தில், அதாவது மின்சாரம் பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பில். பொடியைப் புதிதாகப் பெயின்ற் அடிக்கும்போது எர்த் வயர் பூட்டும் இடத்தையும் சேர்த்து அடித்துவிடுவார்கள், பெயின்ற்றுக்கு மேலே வயரைப் பூட்டினால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. கடற்காற்றில் ஆறு மாதத்தில் பச்சை படியும். மீற்றரை வைத்து அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹூட் போடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பற்றரி மட்டும் போதாது.

எனக்குப் பயம் வேறொன்றில். லிமிற் சுவிச் பழுதானால் அதைத் திருத்தாமல் வயரை நேராக இணைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விட்டால் மூடி முழுக்க நிமிர முன்னமே ஹூட் வந்து இடிக்கும், சட்டம் வளைந்தால் நேராக்குவது மிகவும் கஷ்டம். டிக்கிக்குள் தலையை விட்டு, புது நிறத்தில் ஒட்டுப்போட்ட வயர் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள்.


மைனர்_1000 (நுகேகொடை)

நான் மட்டும் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வாங்காதீர்கள். கார் ஐந்தரை மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஏறத்தாழ இரண்டரை தொன். வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எதிரே முச்சக்கரவண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? ஸ்டியரிங் இடப்பக்கம், பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் முன்னுக்கு ஒன்றும் தெரியாது. லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் பெரிய விஷயம். 2022-இல் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த காலத்தை மறக்கவில்லைத்தானே, அந்த 20 லீற்றரில் இது 80 கிலோமீற்றர்தான் ஓடும். மொறிஸ் மைனர் கன்வேர்டிபிள் ஒன்று தேடுங்கள், சாமான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்மார்) இருக்கிறார்கள். 70 வயதில் ஒருவர் நிம்மதியாக ஓட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.


ஏ40_காரன் (தெஹிவளை)

மைனர் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பத்து வயதில் பார்த்தது மைனரை இல்லையே.

சாமான் விஷயம்: ரயருக்குப் பயம் வேண்டாம், 235/75 ஆர் 15 சரிவரும், பழைய ஜீப்புகளுக்குப் போடும் அளவு, இங்கே வாங்கலாம். நட்டுகள் அங்குல அளவு. எங்கள் பழைய இங்கிலிஷ் கார்களின் விட்வர்த் ஸ்பேனரை யாரையும் இதில் போட விடாதீர்கள், மூலை உருண்டுவிடும். மற்றச் சாமான் அமெரிக்காவில் இருந்துதான் வர வேண்டும்.


மரைன்டிரைவ்_மகன் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்றுக் காலை அப்பா, நான், ஏ40 அண்ணா, அவருக்குத் தெரிந்த ஒரு பாஸ், நாலு பேரும் போய் நாலு மணித்தியாலம் நின்று பார்த்தோம்.

இலக்கம் 5, வை, 86, என். பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

படங்களைக் கேட்டதும் அந்த மகள் உள்ளே போய் இரண்டு அல்பம் கொண்டுவந்தார். நாங்கள் கேட்கும் வரைக்கும் அவருக்கு அது முக்கியம் என்று தெரியாதாம், அப்பாவின் ஞாபகமாக அலுமாரியில் வைத்திருந்தார். தரை முழுக்க வெட்டி எடுத்த படம், புதுத் தகரம் வெல்டிங் செய்த படம், கதவுகளைக் கழற்றுமுன் நடுவில் இரும்புக் குழாய் வைத்துப் பொடியை முட்டுக் கொடுத்த படம் எல்லாம் இருக்கின்றன. அந்த முட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்ததும் ஏ40 அண்ணா, இவர் விஷயம் தெரிந்த ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார் என்றார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர் கையெழுத்தில் திகதி போட்டிருக்கிறது. அப்பா அல்பத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, மூடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது, வலப்பக்கப் பின்சில்லு வளைவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அந்த இடத்தின் படமும் அல்பத்தில் இல்லை. பிற்பாடு எங்கேயோ இடித்துத் திருத்தியது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஜாக்கில் தூக்கியும் பார்த்தோம், கதவுகள் அசையாமல் அப்படியே மூடின.

ஹூட் மூன்று தடவை வடிவாக ஏறி இறங்கியது. நாலாவது தடவை மூடி நிமிர்ந்தபடி நின்றுவிட்டது, ஹூட் பாதியில். வானமும் இருட்டிக்கொண்டு வந்தது, அந்த மகளின் முகம் வாடிப்போனது. மின்கம்பி அக்கா, நீங்கள் எழுதியதைத்தான் பாஸிடம் காட்டினேன். அவர் டிக்கியின் பக்கத்தில் எர்த் வயர் ஒன்றைக் கழற்றினார், அடியில் முழுக்க வெள்ளை பெயின்ற். உரஞ்சித் திரும்பப் பூட்டியதும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கி முழுக்க மூடியது. அதற்குப் பிறகு ஆறு தடவை பார்த்தோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒட்டுப்போட்ட வயர் எதுவும் இல்லை.

பிறேக்தான் சரியில்லை. மிதித்தால் வலப்பக்கம் இழுக்கிறது, எண்ணெய் கறுப்பாக இருக்கிறது, எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீதிக்கு எடுக்கவில்லை. வளவுக்குள் மட்டும் பாஸ் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்தார், அப்பா பின் இருக்கையில் இருந்தார்.

நிறுத்தும் இடத்துக்கு: எங்கள் ஒழுங்கைக்குள் இது திரும்பாது, அளந்து பார்த்துவிட்டேன், மைனர் அண்ணா சொன்னது சரி. கடலுக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் நல்லதில்லை. நுகேகொடைப் பக்கம் மாமியின் வீட்டில் பழைய லொறிக் கராஜ் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை எடுத்துக் கூரையைத் திருத்தலாம் என்று அம்மாதான் சொன்னார்.

சில்லு வளைவுக்கும் பிறேக்குக்கும் வரும் செலவைக் கழித்து ஒரு விலை சொல்லியிருக்கிறோம். அந்த மகள் இரண்டு நாள் கேட்டிருக்கிறார். அல்பங்களையும் காரோடு தருவீர்களா என்று அப்பா கேட்டார், பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்றார்.


பழைய_இரும்பு (ஸ்காபரோ, ரொறன்ரோ)

தம்பி, வலப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்கக் கலிப்பரில் பிஸ்ரன் இறுகியிருக்கும், அல்லது அந்தப் பக்க ரப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். கலிப்பரைக் கழற்றினால் பிஸ்ரன் துளைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், குழி விழுந்திருந்தால் சீல் மாற்றுவதில் பயன் இல்லை, உள்ளே உருக்குக் குழல் இறக்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆகஸ்டில் வருகிறேன். நாலு சக்கரத்துக்கும் குழாய், கலிப்பர் சீல், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் என் பெட்டியில் கொண்டுவரலாம், பாரம் அதிகம் இல்லை. சாமான் விலையை மட்டும் தந்தால் போதும். அது வரைக்கும் காரை வீதிக்கு எடுக்க வேண்டாம், நுகேகொடைக்கு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோங்கள்.


மரைன்டிரைவ்_மகன் (வெள்ளவத்தை)

அண்ணா, அந்த மகள் இன்று பின்னேரம் சம்மதம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நாரஹேன்பிட்டியில் பெயர் மாற்றக் கொடுக்கிறோம். நீங்கள் எந்தத் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார். பாஸையும் அன்றைக்கே மறித்து வைக்க வேண்டுமாம்.